படித்தால் சாமி நம்பிக்கை போய்விடுமா? கல்வி, சீர்தூக்கல், சமயம் குறித்து ஓர் எளிய விளக்கம்

பாம்பனை ஒட்டிய கடற்கரைக் கிராமம் ஒன்றில், மாலை வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள், வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, ஒரு மாணவி மட்டும் தயங்கி நின்று, "சார், நெறையப் படிச்சா சாமி நம்பிக்கை போயிருமா? காலேசுக்குப் போனா நான் வெளக்கேத்த மாட்டேன்னு எங்க அப்பத்தா சொல்லுது" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்ன விடை அரைகுறையானது. அதைச் சற்று விரிவாக எழுதிப் பார்க்கும் முயற்சி இது.

அப்பத்தாவின் அச்சத்துக்கு நேர் எதிரில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டால் சமய நம்பிக்கை தானாகவே வடிந்துவிடும் என்று மேடைகளில் மகிழ்ச்சியோடு பேசுகிறவர்கள் அவர்கள். அஞ்சுகிறவரும் மகிழ்கிறவரும் போடுவது ஒரே கணக்குத்தான்: கல்வி ஒரு பக்கம் ஏறினால் நம்பிக்கை மறுபக்கம் இறங்கும். இந்தக் கணக்கு எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இதில் புழங்கும் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று சொற்கள்

கல்வி என்று ஆய்வாளர்கள் அளப்பது பெரும்பாலும் ஒருவர் பள்ளியிலும் கல்லூரியிலும் கழித்த ஆண்டுகளை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராமநாதபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு என்று சொல்லும்போது, அது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர, படித்ததைக் கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இரண்டாவது சொல்லுக்குத் தமிழில் எளிதாகக் கிடைக்கும் பெயர் 'பகுத்தறிவு'. ஆனால் நம் மாநிலத்தின் அரசியல் வரலாற்றில் அந்தச் சொல் கடவுள் மறுப்போடு நெருங்கிப் பிணைந்துவிட்டதால், அதை எடுத்த உடனேயே கேட்பவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள், மீதிப் பேர் கைதட்டுகிறார்கள். இரு சாராருமே அதற்கு மேல் கேட்பதில்லை. 'விமர்சனச் சிந்தனை' என்றாலோ குறை சொல்லும் குணம் என்று பொருள்பட்டுவிடுகிறது. ஆகவே இங்கே 'சீர்தூக்கல்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். ஒரு கூற்று நம் முன் வைக்கப்படும்போது, அதற்கு ஆதாரம் என்ன, அந்த ஆதாரம் எவ்வளவு எடை தாங்கும், அது தவறாக இருந்தால் எப்படித் தெரியவரும் என்று நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அது. தனக்குப் பிடித்த கூற்றையும் பிடிக்காத கூற்றையும் ஒரே தராசில் வைப்பதுதான் இதில் கடினமான பகுதி.

இந்தப் பழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நம்முடைய பழைய சமய வாதங்களிலேயே, எதையும் அறிவதற்கான வழிகளை 'அளவை' என்று பெயரிட்டுப் பிரித்திருக்கிறார்கள். நேரில் பார்த்து அறிவது காண்டல். பார்த்ததை வைத்து ஊகித்து அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. புகையைப் பார்த்து நெருப்பு உண்டென்று கொள்வது கருதலுக்கு அவர்கள் ஓயாமல் காட்டும் எடுத்துக்காட்டு. சைவரும் பௌத்தரும் சமணரும் தங்களுக்குள் கடுமையாக மோதிக்கொண்டபோதும், எந்த அளவையை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதையே முதலில் பேசித் தீர்க்க முயன்றார்கள். பக்தியும் தருக்கமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

குறளிலேயே இரண்டையும் பார்க்கலாம். கடவுள் வாழ்த்தின் இரண்டாம் குறள், தூய அறிவினனின் திருவடியைத் தொழாவிட்டால் கற்றதனால் பயன் என்ன என்று கேட்கிறது. அதே நூலின் 423ஆம் குறள், 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்கிறது. 'யார்யார்' என்பதில் குருவும் அடக்கம், பெற்றோரும் அடக்கம், மேடைப் பேச்சாளரும் அடக்கம். இவ்விரண்டும் ஒரே நூலில் இருப்பதை நூலாசிரியர் முரணாகக் கருதவில்லை.

மூன்றாவது சொல் நம்பிக்கை. குழப்பத்துக்கெல்லாம் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். ஒரே சொல்லுக்குள் பல வேறு சரக்குகளைக் கட்டி வைத்திருக்கிறோம்.

வில்லூண்டியின் நன்னீர்

தங்கச்சிமடத்துக்கு அருகில் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு நடைபாலத்தின் முனையில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்பு நீர். கிணற்றுக்குள் ஊறுவது மட்டும் நன்னீர். சீதையின் தாகம் தணிக்க இராமன் தன் வில்லை ஊன்றிய இடம் இது என்பது தல வரலாறு. வருகிற யாத்திரிகர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கே கலந்து கிடக்கும் கூற்றுகளைத் தனித்தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். 'கடலுக்கு நடுவில் நன்னீர் ஊறுகிறது' என்பது ஒன்று. நாக்கில் ஒரு துளி விட்டாலே முடிந்தது, காண்டல். 'அது ஏன் ஊறுகிறது' என்பது வேறொன்று. மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை 1,000 கிலோ என்றால், அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. இந்தச் சிறிய வேறுபாட்டிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். பேடன் கைபென் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது. அந்த நன்னீர் கடல் பக்கமாகக் கசிந்து வெளியேறும் இடத்தில் ஊற்று கிடைக்கிறது. 'இங்கேதான் இராமன் வில்லை ஊன்றினான்' என்பது மூன்றாவது. அது எந்த உப்புமானியிலும் அகப்படுவதில்லை. 'இந்த நீரைக் குடிக்கும்போது என் மனம் கசிகிறது' என்பது நான்காவது. அதை மறுக்க எவருக்கும் வழியில்லை. அது சொல்பவரின் சொந்த அனுபவம்.

நாற்பது மடங்குக் கணக்கைத் தெரிந்துகொண்ட மாணவி வில்லூண்டியில் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நிறுத்த வேண்டும் என்று எந்த அறிவியலும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு, பக்தி சொல்லாத ஒரு செய்தியையும் சொல்கிறது: மோட்டார் வைத்து இறைத்து நன்னீரின் மட்டத்தை ஓரடி குறைத்தால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலேறக் காத்திருக்கிறது. இந்தத் தீவில் வீடு கட்டிக் கிணறு தோண்டுகிறவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இந்த அறிவு பள்ளியில்தான் கிடைக்கும் என்பதும் இல்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயலில் அழிந்த தனுஷ்கோடியில், பிறகும் குடிசை போட்டு வாழும் மீனவக் குடும்பத்துப் பெண்கள், கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கிறார்கள். மேலாகத் தோண்டி மெல்ல மொண்டால் நல்ல தண்ணீர்; ஆழப்படுத்தினால் உப்பு. கைபென் பெயரைக் கேட்காமலேயே, தவறினால் அன்றைக்குச் சோறாக்க வழியில்லை என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் பயின்று தேறியவர்கள் அவர்கள். சீர்தூக்கல் என்றதும் கல்லூரிப் பட்டத்தை நினைக்கிறவர்கள் ஒருமுறை அந்த மணற்குழிகளைப் பார்த்து வரலாம்.

இராமர் பாலம் எனப்படும் சேதுவைப் பற்றிய வழக்குகளிலும் இதே கலப்புத்தான். பாம்பன் தீவுக்கும் மன்னாருக்கும் இடையே மணல் திட்டுகளும் சுண்ணாம்புப் பாறைகளும் தொடராகக் கிடக்கின்றன என்பது ஒரு கூற்று; அவை எவ்வாறு உருவாயின என்பது நிலவியலாளர் கையாள வேண்டிய வேறொரு கூற்று; அந்தத் தொடரை நோக்கிச் சேதுக்கரையில் நின்று தர்ப்பணம் செய்கிறவருக்கு அது என்ன பொருள் தருகிறது என்பது முற்றிலும் வேறு. ஒன்றுக்கான சான்றை இன்னொன்றின்மேல் வீசுவதால்தான் தொலைக்காட்சி விவாதங்கள் முடிவதே இல்லை.

ஏர்வாடி

கூற்றுகளைப் பிரித்துப் பார்ப்பது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றினால், ஏர்வாடியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடி தர்காவுக்கு எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். குறிப்பாக, மனநோயால் துன்புறுகிறவர்களை அவர்களுடைய குடும்பத்தினர் நெடுங்காலமாக அங்கே அழைத்து வந்து தங்கவைத்து, கனவில் உத்தரவு கிடைக்கும்வரை காத்திருப்பது வழக்கம். அவ்வாறு வந்தவர்களை வைத்துப் பராமரிப்பதற்கென்று ஊரைச் சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படிப்பட்ட கீற்றுக்கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது.

இந்தத் துயரத்தை 'சமய நம்பிக்கையின் விளைவு' என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். அங்கேயும் கூற்றுகள் பல. 'இங்கு அடங்கியிருக்கும் மகான் இறைவனுக்கு நெருக்கமானவர்' என்பது நம்பிக்கை. 'இங்கு வந்து உட்கார்ந்தால் மனம் ஆறுகிறது' என்பது அனுபவம். 'மருந்து வேண்டாம், கட்டி வைத்தால் போதும், நோய் போய்விடும்' என்பதோ முழுக்க முழுக்கச் சோதித்துப் பார்க்கக் கூடிய மருத்துவக் கூற்று. சோதித்தால் தோற்கும் கூற்று. முதல் இரண்டின் மேலுள்ள மரியாதையால் மூன்றாவதை யாரும் நிறுத்துப் பார்க்காமல் விட்டார்கள். சங்கிலியைப் பூட்டியதில் பக்தியின் பங்கைவிட வறுமையின் பங்கும், மருத்துவமனை தொலைவில் இருந்ததன் பங்கும், காப்பக நடத்துநரின் வசதியும் குறைந்தவை என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தோற்கும் கூற்று இத்தனை காலம் எப்படி உயிரோடு இருந்தது? 'கொண்டுபோய் வைத்தோம், நாற்பதாம் நாள் தெளிந்துவிட்டான்' என்று சொல்கிற குடும்பங்கள் பொய் சொல்லவில்லை. மனநோய்களில் பல, கடலின் ஏற்ற வற்றம் போல ஏறியும் இறங்கியும் வருபவை. இருமுனைக் கோளாறு என்னும் நோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: சில வாரங்கள் கொந்தளிப்பு, பிறகு தணிவு, பிறகு நெடுநாள் அமைதி. குடும்பத்தார் எப்போது நோயாளியைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள்? கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் தானாக வருவது வற்றம். அந்த நேரத்தில் அருகில் எது இருந்ததோ அதற்குப் பெருமை போய்ச் சேர்கிறது. அது தர்காவாகவும் இருக்கலாம், கோயிலாகவும் இருக்கலாம், பட்டம் பெற்ற மருத்துவர் எழுதித் தந்த பயனற்ற சத்து ஊசியாகவும் இருக்கலாம். வற்றத்தில் வலை போட வந்தவன், தன் வரவைக் கண்டுதான் கடல் பின்வாங்கியது என்று சொன்னால் கரையில் சிரிப்பார்கள். நோயில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

தீ விபத்துக்குப் பின் அரசு அந்தக் காப்பகங்களை மூடியது. காலப்போக்கில் 'மருந்தும் துஆவும்' (துஆ என்றால் இறைவேண்டல்) என்ற முறையில், தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. வருகிறவரின் வேண்டுதலில் யாரும் குறுக்கிடுவதில்லை; மாத்திரையும் கிடைக்கிறது. கூற்றுகளைப் பிரித்துப் பார்த்ததன் செயல்வடிவம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்கள் சொல்வது என்ன?

இனி மாணவியின் கேள்விக்கு நேராக வருவோம். கனடாவில் கட்டாயக் கல்வி ஆண்டுகளைக் கூட்டிய சட்டங்களை வைத்து டேனியல் ஹங்கர்மன் என்ற பொருளியலாளர் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் ஓராண்டு கூடுதலாகப் படித்தவர்கள் பிற்காலத்தில் தங்களை ஒரு சமயத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் கணக்கின்படி, சமயம் தங்கள் வாழ்வில் மிக முக்கியம் என்று சொல்பவர்கள் உயர்நிலைப் பள்ளியோடு நின்றவர்களில் 58 விழுக்காடு, கல்லூரிப் பட்டதாரிகளில் 46 விழுக்காடு. இதுவரை அப்பத்தாவின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அமெரிக்கக் கிறித்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், பட்டதாரிகள் கோயிலுக்குப் போவதில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. இந்தியாவிலோ, 2019–20இல் ஏறத்தாழ 30,000 பேரிடம் பியூ மையம் எடுத்த கணிப்பில், 97 விழுக்காட்டினர் கடவுள் நம்பிக்கை உடையவர்களாக இருந்தார்கள். எஞ்சிய மூன்று விழுக்காட்டினர் அனைவரும் பட்டதாரிகளாகவே இருந்தாலும்கூட, நம் நாட்டுப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் நம்பிக்கை உடையவர்கள் என்றுதான் ஆகும். கல்வி ஓரிடத்தில் செய்வதை இன்னோரிடத்தில் செய்வதில்லை.

ஏன் என்று கேட்டால், இரண்டு பொருள்கள் சேர்ந்து வருவதும், ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதும் வெவ்வேறு. இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2016இல் அதே மையம் வெளியிட்ட கணக்கில், உலக அளவில் இந்துக்கள் பள்ளியில் கழித்த ஆண்டுகளின் சராசரி 5.6; அமெரிக்காவில் வாழும் இந்துக்களின் சராசரி 15.7. சமயம் ஒன்றே, வேறுபாடு பத்து ஆண்டு. வேறுபாட்டைச் செய்தது வேதமும் இல்லை, கோயிலும் இல்லை. படித்தவர்களை மட்டும் சலித்தெடுத்து உள்ளே விட்ட விசா முறை. அதேபோல், படித்தவர்களிடம் நம்பிக்கை குறைந்திருக்கும் நாடுகளில், அவர்களுக்குப் பாடப்புத்தகத்தோடு கூடவே நிலையான வருமானமும், நகர வாழ்வும், ஓய்வூதியமும், நல்ல மருத்துவமனையும் கிடைத்திருக்கின்றன. இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்தெடுப்பது எளிதில்லை. பாதுகாப்பு உணர்வு மிகும்போது சமயப் பிடிப்பு தளர்கிறது என்று வாதிடும் சமூகவியலாளர்கள் இருக்கிறார்கள். புயல் மாதத்தில் நேர்த்திக்கடன் கூடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வாதம் அந்நியமாகப் படவில்லை.

உளவியலாளர்கள் இன்னொரு வழியில் முயன்றார்கள். அவர்கள் கேட்கும் புதிர் ஒன்றை நம் ஊர்ப் பொருள்களால் சொல்கிறேன். ஒரு சுருள் தங்கூசும் (தூண்டில் நரம்பு) ஒரு தூண்டில் முள்ளும் சேர்த்து 110 ரூபாய். தங்கூசின் விலை முள்ளின் விலையைவிட 100 ரூபாய் கூடுதல். முள் என்ன விலை? பத்து ரூபாய் என்று வாய் முந்திக்கொண்டு சொல்லும். சரியான விடை ஐந்து, தங்கூசு 105. வாய்க்கு வந்ததை நிறுத்திவிட்டு மீண்டும் கணக்குப் போடும் இயல்பை இத்தகைய புதிர்கள் அளக்கின்றன. 2012இல் வந்த சில ஆய்வுகள், இந்தப் புதிர்களில் தேறியவர்களிடம் சமய நம்பிக்கை சற்றுக் குறைவு என்றன. அதே ஆண்டில் ஜெர்வே, நோரன்சாயன் என்ற இருவர், பிரெஞ்சுச் சிற்பி ரோடின் வடித்த சிந்தனையாளன் சிலையின் படத்தைச் சிறிது நேரம் பார்த்தாலே நம்பிக்கை குறைகிறது என்று புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள். செய்தித்தாள்களெல்லாம் அதைக் கொண்டாடின.

பின்னர் வேறு ஆய்வாளர்கள் பல மடங்கு அதிகமானவர்களை வைத்து அதே சோதனையைச் செய்தபோது, அந்த விளைவு வரவில்லை. 2017இல் அதை வெளியிட்டார்கள். முதலில் எழுதிய ஜெர்வேயே தம் சோதனையின் பலவீனத்தை ஒப்புக்கொண்டார். 2018இல் அவரும் மற்றவர்களும் 13 நாடுகளில் பார்த்தபோது, சிந்தனை முறைக்கும் நம்பிக்கையின்மைக்கும் உள்ள தொடர்பு மெலிந்ததாகவும் நாட்டுக்கு நாடு மாறுவதாகவும் இருந்தது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த ஒப்புதல்தான். தமக்குப் புகழ் தேடித்தந்த முடிவையே மீண்டும் தராசில் ஏற்றச் சம்மதித்தார் என்றால், சீர்தூக்கல் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்குமா என்ன?

படிப்பு வேறு, தராசு வேறு

படிப்பு ஏறினால் தராசும் தானாக வரும் என்று எண்ணுவதில்தான் பெரிய பிசகு. இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி பலரும் அறிந்தது. ஐந்தாம் வகுப்பில், கோயில் குருக்கள் லட்சுமண சாஸ்திரியின் மகன் பக்கத்தில் தொப்பியணிந்த முஸ்லிம் சிறுவனான கலாம் உட்காருவதைப் பொறுக்காமல், புதிதாக வந்த ஆசிரியர் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். பிள்ளைகளின் மனத்தில் வேற்றுமை நஞ்சை விதைக்க வேண்டாம் என்று அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தவர் அந்தக் குருக்களே. இதைச் சமய நல்லிணக்கக் கதையாகவே எப்போதும் சொல்கிறோம். நான் வேறு ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அந்த அறையில் கல்வியின் பிரதிநிதி ஆசிரியர். சமயத்தின் பிரதிநிதி குருக்கள். பிறப்பை வைத்து ஒரு பிள்ளையை மதிப்பிடுவது சரியா என்று நிறுத்துப் பார்த்தவர் யார்?

அதே பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். கலாம் தமக்குப் புரியவில்லை என்றார், பலருக்கும் புரியவில்லை. ஆசிரியர் எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார். உரை போதாதபோது காண்டலுக்கு அழைத்துச் சென்றார் என்று பழைய மொழியில் சொல்லலாம். 'புரியவில்லை' என்று சொல்ல ஒரு சிறுவனுக்குத் துணிவு இருந்ததும், அதற்கு அடி விழாததும் அந்தப் பாடத்தின் பாதி. கலாம் இறுதிவரை தொழுகையை விடவில்லை. ஏவுகணைக் கணக்கிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் வகுப்பறைகளில் இந்தப் பாதி அபூர்வம். கேள்வித்தாளுக்கு விடை எழுதும் பயிற்சியே கல்வி என்றாகிவிட்ட பிறகு, பாடப்புத்தகமும் இன்னொரு வேதம்போல ஓதப்படுகிறது. நிலநடுக்கோடு, ஒளிச்சேர்க்கை, நியூட்டன் விதி எல்லாம் 'உரை'யாகவே மனத்தில் தங்குகின்றன. தேர்வில் 95 மதிப்பெண் வாங்கியவர், குடும்ப வாட்சப் குழுவில் வரும் புற்றுநோய் மருந்தைச் சற்றும் தயங்காமல் அடுத்தவருக்கு அனுப்புவதில் வியப்பு ஏதும் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கேகனும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போகிறது: அறிவியல் அறிவும் கணக்குத் திறனும் கூடக்கூட, பருவநிலை மாற்றம் பற்றி அமெரிக்கர்களின் கருத்து வேறுபாடு குறையவில்லை, கூடியது. படித்தவர் தம் கட்சிக்கு வாதாடுவதில் தேர்ந்த வழக்கறிஞராகிவிடுகிறார். அந்தக் கட்சி சமயமாகவும் இருக்கலாம், சமய மறுப்பாகவும் இருக்கலாம்.

தனி மனிதர்களைப் பார்த்தாலும் விதி எதுவும் அகப்படாது. கணித மேதை இராமானுஜன் தம் சூத்திரங்களை நாமகிரித் தாயார் அருளியதாகச் சொன்னவர். 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர். இருவருமே தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். இருவரையும் உலகம் அளந்தது அவர்கள் எழுதிய சமன்பாடுகளைக் கொண்டு.

இந்தக் கடற்கரையில் கல்வியைக் கொண்டுவந்ததில் சமயங்களின் பங்கு பெரிது என்பதையும் சொல்ல வேண்டும். கீழக்கரையில் 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் நடத்திய மதரஸாவும், அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழில், அவர் எழுதிய நூல்களும் ஒரு பக்கம். இராமநாதபுரத்தில் கலாம் படித்த, ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸின் பெயர் தாங்கிய பள்ளி மறுபக்கம். அரசமைப்புச் சட்டமும் இரண்டையும் சேர்த்தே பேசுகிறது: 25ஆம் உறுப்பு மனச்சான்றின்படி சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது, 1976இல் 42ஆம் திருத்தத்தால் சேர்ந்த 51அ உறுப்பு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமைகளில் ஒன்றாக வைக்கிறது.

மூழ்கியவர்களின் படம்

சீர்தூக்கலில் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால், எதைச் சொல்லித் தருவேன் என்று யோசித்திருக்கிறேன். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த டயகோரஸ் என்ற கிரேக்கரைப் பற்றி ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிவைத்த ஒரு செய்தியைத்தான். சமோத்திரேஸ் தீவுக் கோயிலில், கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் நேர்த்திக்கடனாக மாட்டிய படங்களைக் காட்டி, தெய்வங்களின் அருளுக்கு இவை போதாதா என்று நண்பர் கேட்டாராம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று டயகோரஸ் கேட்டாராம். 1620இல் ஆங்கில மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கன் இந்தச் செய்தியை மீண்டும் எடுத்துச் சொன்னார்.

இது கடவுள் இல்லை என்பதற்கான வாதம் அன்று; அப்படிப் படிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். கைக்கு வந்த சான்றுகளை எண்ணும்போது, கைக்கு வராமல் போன சான்றுகளையும் கேள் என்பதே அதன் சாரம். 1964 புயலில் கடல் கொண்டுபோன பாம்பன்–தனுஷ்கோடி ரயிலில் இருந்தவர்களும் வேண்டாமலா இருந்திருப்பார்கள்? இந்தக் கேள்வி, மருந்து விளம்பரத்துக்கும் பொருந்தும், பங்குச் சந்தையில் பணம் குவித்தவரின் பேட்டிக்கும் பொருந்தும், பயிற்சி நிறுவனம் சுவரில் ஒட்டும் முதல் மதிப்பெண் படங்களுக்கும் பொருந்தும். பிள்ளைகள் இந்த மூன்றாவதைத்தான் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் அந்த மாணவியிடம் சொல்லவில்லை. கூற்றுகளைப் பிரிப்பதை மட்டும் சொல்லிவிட்டு, உன் வீட்டில் எதை எதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வா என்றேன். நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அதில் ஒரு பகுதியை அவளே வாசித்தாள்: "அப்பா கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் அப்பத்தா கரையில இருக்கிற அம்மனுக்கு நேந்துக்கிட்டுத்தான் விடும். ஆனா பாம்பன் துறைமுகத்துல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா, என்ன நேந்தாலும் அன்னைக்கு விடாது சார். கடலுக்குப் போக டோக்கன் குடுத்தாலும் விடாது."